உடும்பனுக்குக் கண்ணீர் அஞ்சலி

அத்தாவுல்லா பாய் உயிரோடுதான் இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் பலபேர் இன்னும் அவரைக் கண்டால் திக்கென்று நின்றுவிடுகிறார்கள். அதற்கெல்லாம் நான்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் ராசையா, கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஒன்றும் காரணமில்லை. நான் கதைதான் எழுதினேன்.

என் பெயர் முப்பிடாதி. சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் அம்மன் பெயர். நான் கதை போடுகிற செயலியில் இந்தப் பெயரைப் பார்ப்பவர்கள், மந்திரக் கதைக்கென்றே யாரோ ஆம்பளை யோசித்து வைத்துக்கொண்ட பெயர் என்று நினைத்து 'முப்பிடாதி சார்' என்று எழுதுகிறார்கள். சாரும் இல்லை, மோரும் இல்லை. எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய மளிகைக் கடையில், கல்லாவில் உட்கார்ந்து வாள் சண்டை எழுதுகிறவள் நான்.

எழுதுவதிலும் ஒரு முறை வைத்திருக்கிறேன். ராஜா கதை வேறு, என் கதை வேறு. ராஜா கதையில் நாயகன் பிறக்கும்போதே வானத்தில் வால்நட்சத்திரம் வரும், முனிவர் வருவார், நாடே அவனுக்காகக் காத்துக்கிடக்கும். என் உடும்பனுக்காக ஒரு நாயும் காத்திருக்கவில்லை. ஒற்றைக் காது, கூலிக்கு வாள் பிடிக்கிற ஆள். காலையில் எழுந்தால் இன்றைக்குச் சோறு எங்கே என்பதுதான் யோசனை. எவனாவது வந்து, சாம்பல் கோட்டைக்குள் ஒரு பெட்டி இருக்கிறது, எடுத்து வா என்பான். இவன் போவான். உள்ளே பூதம் இருக்கும். முடிந்தால் வெட்டுவான், முடியாவிட்டால் ஓடி வருவான். பெட்டியைக் கொடுத்துவிட்டு, சூடாகக் கறிசோறு தின்றுவிட்டுத் தூங்குவான். உலகத்தைக் காப்பாற்றுவது அவன் வேலையே இல்லை.

சாம்பல் கோட்டையை எப்படிக் கற்பனை செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். கற்பனையாவது ஒன்றாவது! எங்கள் மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டு, எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடிக்கும்போது வந்து பாருங்கள். அங்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்துப் பார்த்து மந்திரவாதிக்கு உயரமான கோபுரம் கட்டிக் கொடுத்தேன். என் மந்திரவாதி எந்தச் சுமையையும் தூக்கமாட்டான், உயரத்தில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டுவான். ஆனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் அவனுக்கு ஒரு பல் விழும். எதுவும் ஓசியில் கிடைக்கக் கூடாது. கடைக்காரி எழுதினால் வேறு எப்படி வரும்? அதைவிடக் கறாரான சட்டம் ஒன்றும் வைத்திருந்தேன். செத்தவன் செத்தவன்தான். எந்த மூலிகையைக் கொடுத்தும் எழுப்ப மாட்டேன்.

அந்த உடும்பனுக்கு முகம் கொடுத்தவர் அத்தாவுல்லா பாய்.

கொருக்குப்பேட்டைக்காரர். கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். துறைமுக வாசலுக்குப் போகும் வண்டிகள் எங்கள் கடைக்கு முன்னால்தான் வரிசை கட்டி நிற்கும். சில நாள் அந்த வரிசை ஊர்ந்துகொண்டாவது இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. ஓட்டுநர்கள் வண்டியிலேயே பல் விளக்கி, வண்டியிலேயே சமைத்து, எங்கள் கடையில் தக்காளியும் மிளகாய்த்தூளும் வாங்கிப் போவார்கள். பாய்க்கு என் வயதைவிடக் கொஞ்சம் கூட. கறுத்த முகம், நரைத்த முறுக்கு மீசை, எதற்கும் அசராத நடை. வரிசையில் எவனாவது புகுந்தால் இவர் கத்த மாட்டார். இறங்கிப் போய் அவன் வண்டி முன்னால் நின்று நிதானமாக வெற்றிலை போடுவார். அவ்வளவுதான், அவனே பின்னால் எடுத்துவிடுவான்.

ஒருநாள் நான் கல்லாவில் எழுதியதை எனக்கே சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“இன்னா தங்கச்சி, நீ பாட்டுக்கு நிறுத்திட்டே? பூதம் இன்னா ஆச்சு?”

“இன்னும் எழுதலைண்ணே.”

“எழுது மா. லைன்ல குந்திகினு பைத்தியம் புடிக்குது. படிச்சா கண்ணு வலிக்குது. நீயே பேசி அனுப்பு.”

அப்படித்தான் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் குரலில் கதை அனுப்ப ஆரம்பித்தேன். மத்தியானம் கடை மந்தமாக இருக்கும்போது பேசுவேன். உடும்பன் வாளை உருவுகிற நேரம் பார்த்து எவளாவது வந்து கால் கிலோ துவரம்பருப்பு கேட்பாள். அதுவும் பதிவாகிவிடும். அதை வெட்டி எடுக்க எனக்குத் தெரியாது. துவரம்பருப்பு வந்தால்தான் சண்டை சூடு பிடிக்கிறது என்று தாமஸ் என்ற ஓட்டுநர் கிண்டல் பண்ணுவான். ராசையா மட்டும் கேட்கவே மாட்டார். ஆனால் ஓரக் காதில் விழுந்தால் விடவும் மாட்டார். “ஏட்டி, மூணு நாளா நடந்தான்னு சொல்லுதியே, செருப்பு அந்து போகாதா?” என்பார். நியாயம்தான். அடுத்த அத்தியாயத்தில் உடும்பனுக்குச் செருப்பு தைத்துக் கொடுத்தேன்.

அட்டைப் படம் வேண்டும் என்று செயலி கேட்டது. பாயிடமே சொல்லி அவரைப் போட்டோ எடுத்து, ஓவியமாக்கித் தருகிற ஏதோ ஒரு ஆப்பில் போட்டேன். வாள், கவசம் எல்லாம் பிரமாதமாக வந்தது. ஒற்றைக் காது, ஒற்றைக் காது என்று எத்தனை தடவை கேட்டும் இரண்டு காதையும் வைத்தே அனுப்பியது. முகம் அச்சு அசலாகப் பாய் முகம். அன்றிலிருந்து வரிசையில் எல்லாரும் அவரை உடும்பன் அண்ணன் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவருக்கு ஒரு தம்பி உண்டு, கமால். பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டி மொத்த வியாபாரம். அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையால் வந்த வினை.

பாய் தன் மகள் உமைமா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தது ஃபோனில், அதுவும் வரிசையில் நின்றுகொண்டே. அழைக்கிறவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசிப் பெயருக்கு வரும்போது வரிசை நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஃபோனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தவர், அதை அப்படியே மறந்துவிட்டார். அச்சகத்துக்காரர் சொன்ன வரைக்கும் அடித்துக் கொடுத்துவிட்டார். விட்டுப்போன கடைசிப் பெயர் கமால். பத்திரிகை ஊரெல்லாம் போனபிறகுதான் தெரிந்தது. கார்டில் இல்லாதவனுக்குக் கல்யாணத்தில் என்ன வேலை என்று தம்பி வரவில்லை. பேர் இல்லையென்றால் தம்பி இல்லையென்று ஆகிவிடுமா, பெரியவன் நான் போய் அவன் வாசலில் நிற்கணுமா என்று அண்ணன் போகவில்லை. உமைமாவின் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

பத்திரிகையில் பெயர் விட்டுப்போவது எங்கள் ஊர்ப் பக்கமும் வெட்டுக்குத்து வரை போகிற சமாச்சாரம்தான். அதனால் நான் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. ஆனால் பாய் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

“உடும்பனுக்கு ஒரு தம்பி வெச்சா இன்னா மா?”

“வெச்சாப் போச்சு.”

“சண்டை போட்டுகினு பிரிஞ்சி பூட்டாங்க. தம்பி ஆத்துக்கு அந்தாண்ட கீறான். அப்பால ஒரு நாளு வர்றான். அவ்ளோதான்.”

வைத்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் படகு கட்டுகிற தம்பி. ஆனால் உடனே கொண்டுவந்து சேர்த்துவிட்டால் கதையில் என்ன இருக்கிறது? இழுத்தேன். பாய் தினமும் எண்ணெய் வாங்குகிற சாக்கில் வந்து, “தம்பி கெளம்பிட்டானா?” என்று கேட்பார். “படகு ஓட்டைண்ணே,” என்பேன். “ஆணி அட்சிகினு இர்ந்தானே, இன்னுமா ஓட்டை?” என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்.

இந்த நேரத்தில்தான் செயலியில் ஒரு புண்ணியவான் எழுதினான்: 'முப்பிடாதி சாரின் நாயகன் இத்தனை அத்தியாயங்களில் சாதித்தது என்ன? சோறு தின்றதுதான்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோறு தின்பது சாதனை இல்லையா? நீ தின்பதில்லையா? ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. இருடா மவனே என்று உட்கார்ந்து, மந்திரவாதியின் கடைசிப் பல்லையும் உதிர்த்து, கடலையே எழுப்பி நாட்டின் மேல் ஏவிவிட்டேன். உடும்பன் தன் உடம்பையே கொடுத்துக் கடல் கதவை அடைத்தான். நாடு பிழைத்தது, அவன் செத்துப்போனான். இதையும் பேசி அனுப்பினேன். நடுவில் ஒருத்தி பெருங்காயம் கேட்டாள்.

செயலியில் காவியம், மகாகாவியம் என்று பாராட்டு கொட்டியது. ஓட்டுநர் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. பாய் கடைப் பக்கமே வரவில்லை. எதிர்ச் சாரி டீக்கடையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்தால், எதிரே விளக்குக் கம்பத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் தொங்குகிறது. கண்ணீர் அஞ்சலி! இரண்டு பக்கமும் ரோஜாப்பூ, மேலே இரண்டு புறா, நடுவில் முட்டை வடிவக் கட்டத்தில் பாயின் முகம். அந்தக் கட்டத்துக்குள் முகம் மட்டும்தான் அடங்கும் என்பதால் வாளையும் கவசத்தையும் வெட்டித் தள்ளியிருந்தார்கள். கீழே 'எங்களைத் தவிக்கவிட்டுச் சென்ற உடும்பன் அண்ணன்'. அதற்கும் கீழே 'உங்கள் பிரிவால் வாடும் ட்ரெய்லர் லைன் நண்பர்கள்'. எங்கள் பக்கத்தில் செத்தவருக்குப் பட்டப்பெயர் போட்டுத்தான் பேனர் வைப்பார்கள். அசல் பெயரைப் போட்டால்தான் யாரென்று பலருக்குத் தெரியாது.

வேலை தாமஸுடையது. “கதையில செத்தாலும் சாவு சாவுதான்கா. செய்ய வேண்டியத செய்யணும்ல?” என்று சிரிக்காமல் சொன்னான். ராசையா கொதித்துப் போனார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா கடைக்கு எதிர்த்தாப்புல சாவு பேனரு! ஏட்டி, உன் கதையால யாவாரமே படுத்துரும் போலுக்கே!”

பாய் வந்தார். ஃபிளெக்ஸ் முன்னால் கைகட்டி நின்று தன் முகத்தையே பார்த்தார். “ஜோரா கீது,” என்றார். பிறகு மூன்று நாள் கழித்து என் கடைக்குள் வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“இன்னா தங்கச்சி, ஆளு பூட்டானா?”

“நாட்டைக் காப்பாத்திட்டுல்லாண்ணே செத்தான்.”

“நாடு இன்னாத்துக்கு மா அவனுக்கு? எலெக்சன்லயா நிக்கப் போறான்? தம்பிகாரன் அந்தாண்ட படகு கட்டிகினு கீறான். இவன் இந்தாண்ட செத்துப் பூட்டான். நடுவுல நாடு நல்லா கீது. இன்னா கதை இது?”

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாரும் காவியம் என்கிறார்களே என்றேன். “அவுங்களுக்கு தம்பி கீறானா?” என்று கேட்டுவிட்டு எழுந்தார். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிறது, பின்னால் குழாயில் கை கால் முகம் கழுவி ஒளு எடுத்துக்கொள்கிறேன் என்று கடையின் பின்பக்கம் போனார்.

அவர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்சீட்டில் பெரிய துணி மூட்டை. ஓட்டிவந்தவர் ஃபிளெக்ஸைப் பார்த்தபடியே இறங்கினார். ஸ்டாண்ட் போடாமல் விட்டதில் வண்டி சாய்ந்தது. அதைக்கூடப் பார்க்காமல் நடந்து வந்து, என் கடை வாசலில் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“இவுரு... எப்போ மா ஆச்சு?”

வாசகர் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஒரு கதைக்கு இப்படி அழுகிற ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மனசுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

“செவ்வாக்கிழமைதாங்க முடிஞ்சது. நீங்க இன்னும் கேக்கலையா?”

“எனக்கு யாரும் சொல்லல மா. எப்டி?”

“கடல் உள்ள வந்துட்டுல்லா? அதைத் தடுக்கப் போயித்தான்.”

“கடலா? அவுரு லாரி ஓட்றவரு மா! கடலாண்ட இன்னாத்துக்குப் போனாரு?”

லாரி என்றதும் எனக்கு எங்கோ இடித்தது. ஆனால் அழுகிற மனுஷனைப் பார்த்துக்கொண்டு யோசிக்கவா முடியும்? அவரே அடுத்ததைக் கேட்டார். “கடைசியா எதுனா சொன்னாரா?”

உடும்பனின் கடைசி வசனம் எனக்கு மனப்பாடம். நான் எழுதியதிலேயே அதுதான் உருப்படியான வரி.

“சொன்னான். 'என் தம்பி வந்தா வழி விடுங்க'ன்னு சொன்னான்.”

அந்த மனிதர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். “மையத்த எடுத்துட்டாங்களா மா? மண்ணு போடக்கூட வரலியே நானு... ஒரு கார்டுக்காவ...” என்றார்.

கார்டு என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. ஐயையோ, இது கமால்! “அண்ணே!” என்று பின்பக்கம் பார்த்து ஒரு கத்து கத்தினேன்.

பாய் வந்தார். ஒளு எடுத்த கையோடு, முகம் கை கால் எல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். கடலில் போனவர் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறேன். கமால் எழுந்து இரண்டடி பின்னால் போனதில் வெங்காயக் கூடை கவிழ்ந்து ரோடு வரைக்கும் உருண்டது.

பாய் தம்பியைப் பார்த்தார், எதிரே ஃபிளெக்ஸைப் பார்த்தார், மறுபடி தம்பியைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. மீசை துடித்தது. குரல் மட்டும் எப்போதும்போல நிதானமாகவே வந்தது.

“இன்னாடா கமாலு, கார்டு இல்லாம வந்துட்டே?”

கமால் பாய்ந்து வந்து அண்ணன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படியே நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு, “மௌத்துக்கு எவன் கார்டு வெப்பான்? சாவுன்னு காதுல வியிந்தா ஓடியார்றதுதானே!” என்று கத்தி அழுதார்.

“லைன் நவுந்துச்சுடா அன்னிக்கி. ஹாரன் அட்ச்சானுங்கோ. ஃபோன வெச்சிட்டேன். உன் பேரு தான் கடைசி.”

“இத்த அன்னிக்கே வந்து சொல்லிக்கலாமில்ல?”

“நீ வந்து கேட்டியா?”

அதற்கு மேல் சண்டையை வளர்க்க இருவருக்கும் தெம்பில்லை. வரிசை நகர்ந்தது. ஹாரன் அடித்தார்கள். பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாமஸ் ஓடிப்போய் அவர் வண்டியை எடுத்து முன்னால் விட்டான். அண்ணனும் தம்பியும் ஒரே ஸ்கூட்டரில் ஜும்ஆவுக்குப் போனார்கள். நைட்டி மூட்டை என் கடையில் கிடந்தது. “பருப்பு விக்கிற கடையில நைட்டியா?” என்று கேட்டுக்கொண்டே, ரோட்டில் இறங்கி வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ராசையா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமாம்!

மறுநாள் பாயிடம் நானாகவே சொன்னேன். சட்டம் கிடக்கட்டும், வேண்டுமானால் ஏதாவது ஒரு மூலிகை வைத்து உடும்பனை எழுப்பிவிடுகிறேன் என்றேன். எனக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்று எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். அவர் ஃபிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். தம்பி கடைக்கு வெயில் மறைப்பு வேண்டுமாம்.

“வாணாம் மா. செத்தது செத்ததாவே இர்க்கட்டும். உன் சட்டத்த நீ கெடுத்துக்காத. அந்தத் தம்பிய மட்டும் ஆத்தத் தாண்டி இட்டாந்துடு. அது போதும்.”

அன்றைக்கே எழுதினேன். படகின் ஓட்டையை அடைத்தேன். தம்பி ஆற்றைக் கடந்தான், அண்ணன் குடிசைக்கு வந்தான், அண்ணன் விட்டுப்போன செருப்பைக் காலில் போட்டுப் பார்த்தான், சரியாக இருந்தது. வாசலில் ஒருவன் கூலிக்கு ஆள் தேடி வந்து நின்றான். என்ன வேலை, என்ன சாப்பாடு என்று தம்பி கேட்டான். நாட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. செயலியில் அந்தப் புண்ணியவான், மறுபடியும் சோறா என்று எழுதினான். ஆமாம், மறுபடியும் சோறுதான் என்று பதில் போட்டேன். வேண்டுமென்றால் ராஜா கதை படித்துக்கொள்ளட்டும். ஒருத்தன் போன இடத்திலிருந்து முழுசாக வீடு திரும்பித் தட்டு முன்னால் உட்காருவதுதான் நான் எழுதத் தெரிந்த வெற்றி. எனக்கு இதில் ஒரு வருத்தமும் கிடையாது.

ஓட்டுநர் குழுவில் சத்தம் காதைப் பிளந்தது. தாமஸ் விசில் அடித்து அனுப்பியிருந்தான். எல்லாரும் கேட்டுவிட்டார்கள். யாருக்காக எழுதினேனோ அந்த மனிதர் மட்டும் கேட்கவில்லை. சாயங்காலம் வரை பார்த்தேன். பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

“என்னண்ணே, தம்பியைக் கொண்டாந்து சேத்துட்டேன். நீங்க இன்னும் கேக்கலையே?”

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். தட்டுச் சத்தம், குழந்தைகள் சத்தம். அண்ணனுக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வையுங்கள் என்று கமால் யாரையோ அதட்டுவது கேட்டது.

“கமாலு வூட்ல துன்னுகினு கீறேன் மா,” என்றார் அத்தாவுல்லா பாய், வாயில் சோற்றோடு. “கதைய அப்பால கேக்கறேன்.”